கைக்குழந்தைக்கு வயிற்றுத் தொற்று: அடையாளம் காண்பதும் முதல் சில மணி நேரமும்

முதல் குழந்தை உள்ள வீட்டில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வந்துவிட்டால் எல்லோருடைய கவனமும் டயப்பருக்குள் போய்விடும். எத்தனை தடவை போனது, என்ன நிறம், ஏன் இப்படி நாற்றம் என்று ஆளுக்கொரு கேள்வி. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அவற்றைவிட முக்கியமான ஒரு கேள்வி பல வீடுகளில் கேட்கப்படாமலே போகிறது: குழந்தை கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது? இந்த நோயில் குழந்தையைத் துவள வைப்பது, உடலைவிட்டுப் போன நீர் ஈடுசெய்யப்படாமல் இருப்பதுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொன்றும் எதற்காக என்பது தானாகவே விளங்கும்.

‘ஸ்டமக் ஃப்ளூ’ என்று பலரும் சொல்வது, வைரஸால் இரைப்பையிலும் குடலிலும் ஏற்படும் தொற்று. சளிக்காய்ச்சலைத் தரும் இன்ஃபுளுயன்சாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்தக் காய்ச்சலுக்கான தடுப்பூசி போட்டிருந்தாலும் இது வரும். குழந்தைகளை அதிகம் தாக்குபவை ரோட்டாவைரஸும் நோரோவைரஸும். 1973-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரூத் பிஷப்பும் அவருடைய குழுவினரும், வயிற்றுப்போக்கால் அவதிப்பட்ட குழந்தைகளின் சிறுகுடல் திசுவை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து ரோட்டாவைரஸைக் கண்டறிந்தார்கள். அது பெருகும் இடமே சிறுகுடலின் உள்சுவரில், நீரையும் சத்தையும் உறிஞ்சும் செல்களில்தான். அந்தச் செல்கள் சேதமடைவதால் உள்ளே போனது உறிஞ்சப்படாமல் நீராகவே வெளியேறுகிறது. புதிய செல்கள் வளர்ந்து வரச் சில நாட்கள் ஆகும். ஒரு வேளை மருந்தில் நின்றுவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதனால்தான் பொருந்தாது.

நலமாக இருக்கும்போதே தொடங்க வேண்டிய வேலை

குழந்தையின் வழக்கம் தெரியாமல் வழக்கத்துக்கு மாறானதைக் கண்டுபிடிக்க முடியாது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் மஞ்சளாக, இளகலாக, சிறு சிறு விதைகள் கலந்ததுபோல் இருக்கும். முதல் வாரங்களில் ஒவ்வொரு முறை பால் குடித்ததும் மலம் கழிக்கும் குழந்தைகள் உண்டு. அது வயிற்றுப்போக்கு ஆகாது. பவுடர் பால் குடிக்கும் குழந்தையின் மலம் சற்றுக் கெட்டியாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருக்கும்.

ஆகவே, நலமாக இருக்கும் நாட்களில் இரண்டைக் கவனித்து வையுங்கள்: ஒரு நாளில் சாதாரணமாக எத்தனை தடவை மலம் கழிக்கிறது, எத்தனை டயப்பர் சிறுநீரால் நனைகிறது. பிறந்து ஒரு வாரம் கடந்த குழந்தைக்கு 24 மணி நேரத்தில் ஆறு டயப்பராவது நன்றாக நனைய வேண்டும். இப்போதைய டயப்பர்கள் ஈரத்தை உறிஞ்சி மறைத்துவிடுவதால், நனைந்ததா இல்லையா என்றே தெரியாமல் போகலாம். ஒரு புது டயப்பரில் மூன்று மேசைக்கரண்டித் தண்ணீரை ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள். நனைந்த டயப்பரின் கனம் கைக்குப் பழகிவிடும். நோய் வந்த நாளில் இந்தப் பழக்கம் பெரிய உதவி.

குழந்தையின் எடையும் அண்மையில் எடுத்ததாகக் கையில் இருக்கட்டும். எவ்வளவு நீர் இழந்திருக்கிறது என்பதை டாக்டர் மதிப்பிட, பழைய எடையையும் புதிய எடையையும் ஒப்பிடுவதைவிடச் சிறந்த வழி இல்லை.

பால் கக்கலா, வாந்தியா?

பால் குடித்த பிறகு, ஏப்பத்தோடு கொஞ்சம் பால் வாயோரம் வழிவது கக்கல். குழந்தை முகம் சுளிக்காது. துடைத்துவிட்டால் மறுபடி விளையாடத் தொடங்கிவிடும். வாந்தி அப்படியல்ல. வயிறு இறுகி, குமட்டல் வந்து, உந்தித் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பால் குடித்து நேரமான பிறகும் வரும். வயிறு காலியான பிறகும் ஓங்கரிக்கும். வாந்தி எடுத்து முடித்ததும் குழந்தை வெளிறிச் சோர்ந்துபோகும்.

வைரஸ் தொற்றில் பெரும்பாலும் வாந்தியும் காய்ச்சலும் முந்திக்கொள்ளும். சில மணி நேரத்திலோ மறுநாளோ வயிற்றுப்போக்கு தொடங்கும். வாந்தி பொதுவாக ஓரிரு நாளில் அடங்கிவிடும். வயிற்றுப்போக்கு ஐந்து முதல் ஏழு நாள் வரை நீடிக்கலாம். வைரஸ் உடலுக்குள் நுழைந்து, நோரோவைரஸ் என்றால் 12 முதல் 48 மணி நேரத்தில், ரோட்டாவைரஸ் என்றால் சுமார் இரண்டு நாளில் அறிகுறி தெரியும். எனவே, இரண்டு நாளுக்கு முன் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சியவர்களில் யாருக்காவது வயிறு சரியில்லாமல் இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் இதே தொல்லை இருந்தால் தொற்று என்ற சந்தேகம் வலுக்கும்.

வயிற்றுப்போக்கு என்பதற்கு உலக சுகாதார அமைப்பு சொல்லும் இலக்கணம், ஒரு நாளில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடவை இளகலாகவோ நீராகவோ போவது, அல்லது அந்தக் குழந்தையின் வழக்கத்தைவிட அதிகமாகப் போவது. கைக்குழந்தையின் விஷயத்தில் எனக்கு இரண்டாவது பாதிதான் பயன்படுவதாகத் தோன்றுகிறது. நேற்று வரை இருந்ததைவிட மலம் திடீரென்று நீர்த்துப்போய், டயப்பரின் ஓரத்தில் வழிந்து ஓடுகிறதா? அதுதான் அடையாளம். பச்சை நிறமாக இருந்தால் பதற வேண்டாம். குடல் வழியாக வேகமாகக் கடந்து வரும் மலம் பச்சையாகத் தெரிவது சாதாரணம். சிவப்பு, தார்போன்ற கறுப்பு, சுண்ணாம்புபோன்ற வெளுப்பு ஆகிய மூன்றில் எதைக் கண்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பல் முளைக்கிறது, அதனால்தான் போகிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பல் முளைப்பதால் நீராக வயிற்றுப்போக்கோ கடும் காய்ச்சலோ வராது. பல் முளைக்கும் வயதில் குழந்தை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது. கிருமி அந்த வழியாக உள்ளே போகிறது. அன்பாகச் சொல்லும் ஆறுதல் ஒரு நாள் தாமதத்துக்குக் காரணமாகிவிடக் கூடாது.

இதைப் போலவே தோன்றும் வேறு நோய்கள்

இந்தப் பகுதியை அவசரமில்லாத ஒரு நாளில் ஒரு முறை படித்து வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுக்கும் குழந்தை எல்லாவற்றுக்கும் வயிற்றுத் தொற்று என்று முடிவு கட்டிவிடுவதுதான் புதுப் பெற்றோர் அதிகம் சறுக்கும் இடம்.

வாந்தி கரும்பச்சையாக இருந்தால், அது கல்லீரலில் சுரக்கும் பித்தநீர். குடல் முறுக்கிக்கொண்டு அடைபட்டிருக்கலாம். குறிப்பாகப் பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு இது அவசர அறுவை சிகிச்சை தேவைப்படும் நிலை. காலை வரை காத்திருக்கும் பேச்சே கிடையாது.

நன்றாக இருந்த குழந்தை திடீரென்று கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுகிறது; சில நிமிடத்தில் அடங்கி வெளிறிக் கிடக்கிறது; கால் மணி நேரத்தில் மறுபடி அதே அழுகை. குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொண்டால் இப்படி இருக்கும். மூன்று மாதம் முதல் மூன்று வயது வரை வரக்கூடியது. ஒரு வயதுக்குள் அதிகம். இரத்தமும் சளியும் கலந்து சிவப்பு ஜெல்லிபோல் மலம் போவது பிந்தி வரும் அறிகுறி. அது வரும்வரை காத்திருக்கக் கூடாது.

இரண்டு முதல் எட்டு வாரக் குழந்தை, குடித்த பாலையெல்லாம் பீய்ச்சி அடித்தாற்போல் வாந்தி எடுத்துவிட்டு உடனே பசியோடு மறுபடி பாலுக்கு அழுதால், இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாய் தடித்து அடைபட்டிருக்கலாம். இதில் வயிற்றுப்போக்கு இருக்காது, காய்ச்சலும் இருக்காது. நாளுக்கு நாள் மோசமாகும்.

காய்ச்சலும் வாந்தியும் இருக்கின்றன, வயிற்றுப்போக்கு மட்டும் வரவேயில்லை என்றால் சிறுநீர்ப் பாதைத் தொற்று, காதுத் தொற்று, மூளை உறை அழற்சி போன்றவற்றையும் டாக்டர் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு நாள் கடந்தும் வாந்தி மட்டுமே தொடர்ந்தால் ‘வைரஸ்தான்’ என்று வீட்டிலேயே பெயர் சூட்டிவிடாதீர்கள். மலத்தில் இரத்தம், கூடவே கடும் காய்ச்சல் என்றால் பாக்டீரியாவால் வந்த சீதபேதியாக இருக்கலாம். அதற்கான சிகிச்சை வேறு.

நீர் குறைகிறதா என்று பார்ப்பது எப்படி

கைக்குழந்தையின் உடல் எடையில் பெரும்பங்கு நீர்தான். பெரியவருக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கு களைப்பைத் தரும்; ஐந்தாறு கிலோ எடையுள்ள குழந்தைக்கு அதே ஒரு நாள் போதும், நிலைமை மாறிவிட. எனவே சில மணி நேரத்துக்கு ஒரு முறை, வெளிச்சத்தில் வைத்து, தலை முதல் கால் வரை பாருங்கள்.

முதலில் டயப்பர். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால் டாக்டரை அழைக்கும் நேரம் வந்துவிட்டது. நீராகப் போகும் மலத்தோடு சிறுநீர் கலந்துவிட்டால் பிரித்தறிவது கடினம். டயப்பரின் முன்பக்கம் ஒரு சிறு பஞ்சுத் துண்டை வைத்துப் பாருங்கள். பஞ்சு நனைந்து மஞ்சளாகி இருந்தால் சிறுநீர் போகிறது. மஞ்சள் அடர்த்தியாக, நெடி கூடுதலாக இருந்தால் நீர் குறைகிறது.

அடுத்து வாய். சுத்தமாகக் கழுவிய விரலை உதட்டின் உட்பக்கம் வைத்துப் பார்த்தால் வழுவழுப்பாக ஈரம் தெரிய வேண்டும். பிசுபிசுப்பாக ஒட்டினாலோ காய்ந்திருந்தாலோ நல்லதல்ல. அழும்போது கண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். ஆனால் முதல் சில வாரங்களில் நலமான குழந்தைக்கே கண்ணீர் வராது. அந்த வயதில் இதை அளவுகோலாக வைக்க முடியாது.

உச்சந்தலையில் எலும்பு இன்னும் மூடாமல் மெத்தென்று இருக்கும் உச்சிக்குழியைப் பார்க்கும்போது குழந்தை அழாமல், நிமிர்ந்த நிலையில் இருக்க வேண்டும். படுத்திருக்கும்போதும் அழும்போதும் பார்த்தால் தவறாகத் தெரியும். வழக்கத்தைவிட ஆழமாகக் குழிந்திருந்தால் நீரிழப்பு. மாறாக, அமைதியாக இருக்கும்போதும் உப்பிப் புடைத்திருந்தால் அது மூளை தொடர்பான ஆபத்தின் அறிகுறி. நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்கள் உள்ளே போயிருக்கின்றனவா என்பதைத் தினமும் பார்க்கும் நீங்கள்தான் சொல்ல முடியும்.

பிறகு வயிற்றுத் தோல். தொப்புளுக்கும் விலாப்பக்கத்துக்கும் நடுவே, தோலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மேலும் கீழுமாக மடிப்பு வரும்படி மெல்லப் பிடித்து விடுங்கள். நகம் படக் கூடாது. நலமான குழந்தையின் தோல் விட்ட கணமே பழையபடி சமமாகிவிடும். மடிப்பு ஒரு கணம் நின்று மெதுவாக அடங்கினால் நீர் குறைந்திருக்கிறது. இரண்டு விநாடிக்கு மேல் நின்றால் கடுமையான நீரிழப்பு. கொழுகொழுவென்ற குழந்தையிடம் இந்தச் சோதனை ஏமாற்றலாம். மிக மெலிந்த குழந்தையிடம் நலமாக இருக்கும்போதும் தோல் மெதுவாகத்தான் அடங்கும். மற்ற அறிகுறிகளோடு சேர்த்தே பாருங்கள்.

கடைசியாகக் குழந்தையின் நடத்தை. இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கரண்டியைக் கண்டதும் பாய்ந்து, ஆவலோடு குடிக்கும் குழந்தையைப் பார்த்துப் பலரும் ‘நல்லாத்தான் இருக்கிறது’ என்று நிம்மதி அடைகிறார்கள். வயிற்றுப்போக்கின் நடுவே அந்த ஆவல் தாகம். நீர் குறையத் தொடங்கிவிட்டதன் அடையாளம். எரிச்சலும் அமைதியின்மையும் அதோடு சேர்ந்திருக்கும். அந்தக் கட்டத்திலும் குழந்தை குடிக்கிறது என்பதால் குடிக்கக் கொடுத்தே மீட்க வாய்ப்பு அதிகம். அதற்குப் பிறகு குழந்தை அடங்கிப்போய், குடிக்க விருப்பமில்லாமல், தூங்கி வழியத் தொடங்கினால், அது ஓய்வெடுப்பதாக நினைத்துவிடாதீர்கள். கை கால் சில்லிட்டு, மூச்சு வேகமாகி, எழுப்பினாலும் கண் திறக்காமல் கிடந்தால் ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது.

முதல் சில மணி நேரம்

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். வாந்தி எடுத்தாலும் சரி. ஒரே மூச்சில் நிறையக் கொடுப்பதற்குப் பதிலாக, குறைந்த நேரம், அடிக்கடி கொடுங்கள். பவுடர் பால் குடிக்கும் குழந்தைக்கு வழக்கமான அளவிலேயே கலக்க வேண்டும். நீர்க்கக் கலந்தால் செரிக்கும் என்பது தவறான எண்ணம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வெறும் தண்ணீர் கொடுத்து நீரை ஈடுகட்ட முயலக் கூடாது. இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரை போகலாம். பழச்சாறும் குளிர்பானமும் சர்க்கரை மிகுந்தவை, வயிற்றுப்போக்கைக் கூட்டும்.

தர வேண்டியது ஓ.ஆர்.எஸ். கரைசல், அதாவது உப்பும் குளுக்கோஸும் கலந்த பாக்கெட் பொடியை நீரில் கரைத்தது. குடல் சேதமடைந்திருக்கும்போதும், குளுக்கோஸும் உப்பும் சரியான விகிதத்தில் ஒன்றாக வந்தால் மீதமுள்ள செல்கள் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. நீரும் கூடவே உள்ளே போகிறது. இந்த விகிதத்தில்தான் அதன் பலன் முழுவதும் அடங்கியிருக்கிறது. 2002-ல் உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் உப்பும் குளுக்கோஸும் முன்பைவிடக் குறைவாக உள்ள புதிய கலவையைப் பரிந்துரைத்ததும் அனுபவத்தில் அந்த விகிதம் இன்னும் நன்றாக வேலை செய்ததால்தான். எனவே, பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அதே அளவு, காய்ச்சி ஆறிய நீரில், முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும். அரைப் பாக்கெட்டைக் குத்துமதிப்பாகப் போடுவது, சர்க்கரை சேர்ப்பது, பாலில் கலப்பது எல்லாமே விகிதத்தைக் கெடுக்கும். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொட்டிவிடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை என்றால், தொடங்கும்போதே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கொடுக்கும் விதம்தான் பலருக்கும் பொறுமையைச் சோதிக்கும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் காத்திருங்கள். பிறகு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி. மூன்று நிமிடம் கழித்து இன்னொன்று. கரண்டி பிடிக்கவில்லை என்றால் ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தின் உட்பக்கமாக மெதுவாக விடலாம். இதெல்லாம் எந்த மூலைக்கு என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மணி நேரத்தில் இருபது கரண்டி, 100 மில்லி. தாகத்தில் இருக்கும் குழந்தைக்கு ஒரே தடவையில் 100 மில்லி கொடுத்தால் முழுவதும் வாந்தியாக வந்துவிடும். கரண்டி கரண்டியாகக் கொடுத்தால் பெரும்பகுதி தங்கிவிடும். வாந்தி அடங்கிய பிறகு, ஒவ்வொரு முறை நீராகப் போனதற்கும் ஈடாக 50 முதல் 100 மில்லி வரை என்பது இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொதுவான அளவு.

வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரைகளைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. வாந்தி மருந்தை, வீட்டில் மீதி இருக்கிறது என்று நீங்களாகக் கொடுக்காதீர்கள். காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும். நீர் குறைந்திருக்கும்போது இபுபுரோஃபென் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் தவிர்க்க வேண்டும். துத்தநாக மருந்து தர டாக்டர் சொன்னால், வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் சொன்ன நாள் வரை கொடுத்து முடியுங்கள். ஆறு மாதத்துக்குள் ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20 மில்லிகிராம் என்று 10 முதல் 14 நாள் வரை கொடுக்க உலக சுகாதார அமைப்பு 2004-ல் பரிந்துரைத்தது. திட உணவு தொடங்கிய குழந்தையைப் பட்டினி போட வேண்டாம். பசி வந்ததும் வழக்கமான உணவையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் (100.4 டிகிரி ஃபாரன்ஹீட்) அல்லது அதற்கு மேல் காய்ச்சல் என்றால், மற்ற அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். இந்த வயதில் பாராசிட்டமாலும் கேட்காமல் கொடுக்கக் கூடாது. கரும்பச்சை வாந்தி, மலத்திலோ வாந்தியிலோ இரத்தம், உப்பி இறுகிய வயிறு, எதைக் கொடுத்தாலும் தங்காத வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, வலிப்பு, எழுப்ப முடியாத சோர்வு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அப்படியே. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயம், சிறுநீரகம் போன்றவற்றில் குறை உள்ள குழந்தை என்றால் அறிகுறி லேசாக இருக்கும்போதே காட்டிவிடுங்கள். எந்தக் கணக்கிலும் அடங்காமல் ‘குழந்தை சரியில்லை’ என்று உங்கள் மனத்துக்குப் பட்டால் அதுவே போதுமான காரணம். கூச்சப்பட வேண்டியதில்லை.

போகும்போது ஒரு தாளில் குறித்து எடுத்துப் போங்கள்: வாந்தி எப்போது தொடங்கியது, எத்தனை தடவை, கடைசியாகச் சிறுநீர் போன நேரம், கொடுத்த மருந்தும் அளவும், குடித்தது எவ்வளவு, பழைய எடை. கடைசி டயப்பரைப் பையில் சுற்றி எடுத்துப் போவதும், வாந்தியின் நிறத்தைப் படம் எடுத்து வைப்பதும் நாலு வார்த்தை விளக்கத்தைவிட டாக்டருக்கு உதவும்.

வீட்டில் மற்றவர்களுக்கும், பிறகும்

டயப்பர் மாற்றியவர் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கை கழுவியே ஆக வேண்டும். சானிடைசர் நோரோவைரஸிடம் அவ்வளவாகப் பலிக்காது. வாந்தி பட்ட இடத்தைத் துடைத்த பிறகு பிளீச்சிங் கரைசலால் சுத்தம் செய்யுங்கள். நீராகப் போகும் மலம் தோலைப் புண்ணாக்கும். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஒற்றி உலர்த்தி, துத்தநாக ஆக்சைடு களிம்பைத் தடித்துப் பூசுங்கள்.

ரோட்டாவைரஸுக்குச் சொட்டு மருந்து உண்டு. ஆறு வாரம் ஆனதும் தொடங்கலாம். தாமதமாகத் தொடங்குவதற்கு வயது வரம்பு வைத்திருக்கிறார்கள் என்பதால், தள்ளிப்போடாமல் டாக்டரிடம் தேதி கேட்டு வாங்குங்கள். சொட்டு மருந்து போட்ட குழந்தைக்கும் வயிற்றுத் தொற்று வரலாம், ஆனால் மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையாவது மிகவும் குறையும்.

கடைசி வாந்தியும் வயிற்றுப்போக்கும் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை குழந்தையைக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டாம். நலமான பிறகும் சில நாட்கள் மலத்தில் வைரஸ் வெளியேறும் என்பதால் கை கழுவுவதை அதற்குப் பிறகும் தொடருங்கள். குடல் தேறும்வரை பால் குடித்ததும் மறுபடி இளகலாகப் போவது சில குழந்தைகளிடம் உண்டு. பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் அப்படியே இருந்தால், அல்லது எடை ஏறவில்லை என்றால், மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள்.